டயப்பர் குப்பை: எண்ணிப் பார்ப்பதில் தொடங்கி வேட்டித்துணி வரை ஒரு முழு வழிகாட்டி

வாஷிங் மெஷின் மூடியைத் திறந்தால் உள்ளே ஜவ்வரிசிக் கஞ்சியைக் கொட்டியதுபோல் கிடந்தது. மகளின் கவுன், என் சுடிதார், வீட்டுக்காரரின் ஆபீஸ் சட்டை, எல்லாவற்றிலும் வழவழவென்று மணிமணியாக ஒட்டியிருந்தது. அழுக்குத் துணியோடு ஒரு டயப்பரும் உள்ளே போய்விட்டது, அவ்வளவுதான். தரையில் சிந்தியதைக் கழுவலாம் என்று தண்ணீர் ஊற்றினேன். ஊற்ற ஊற்றப் பெருகியது. சத்தம் கேட்டு மேலே வந்த கீழ்வீட்டு அக்கா, "தண்ணி ஊத்தாத கண்ணு, உப்பு எடுத்துட்டு வா" என்றார். ஒரு கைப்பிடி உப்பைத் தூவிச் சற்று நேரம் விட்டதும் மணிகள் சுருங்கித் தண்ணீர் விட்டன. அப்புறம் துடைத்து அள்ள முடிந்தது. உங்கள் வீட்டிலும் இது நடக்கும், நடக்காத வீடு அபூர்வம். துணிகளை அலசாமல் அப்படியே வெயிலில் போடுங்கள், காய்ந்ததும் உதறினால் தூளாக உதிர்ந்துவிடும். டிரம்மில் இருப்பதைப் பழைய துணியால் வழித்துக் குப்பையில் போடுங்கள், வடிகுழாயில் விடாதீர்கள்.

நாங்கள் இருப்பது சென்னையில் மேடவாக்கம் பக்கம். இந்தப் பக்கத்தின் குப்பை பல ஆண்டுகளாகப் போய்ச் சேர்ந்த இடம் பெருங்குடிக் கிடங்கு. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் விளிம்பிலேயே இருக்கிறது. 2022 ஏப்ரலில் அந்தக் கிடங்கு தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்தபோது நாங்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வயிற்றில் பிள்ளை. அடுத்த வருடமே நானும் தினம் ஏழு உருண்டைகளை அந்தக் குவியலுக்கு அனுப்பத் தொடங்கினேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலம் பட்ட டயப்பரை வீட்டில் வைத்து எதுவும் செய்ய முடியாது. கழுவிக் காயவைத்துப் பூந்தொட்டி செய்யலாம், பொம்மை செய்யலாம் என்று வரும் வீடியோக்களை நம்பாதீர்கள். மறுபயன்பாடு என்பது இரண்டுக்குத்தான் பொருந்தும்: அளவு சின்னதாகிப் போய்ப் பிரிக்காமலே மிஞ்சிய டயப்பருக்கு, பிள்ளை வளர்ந்தபின் மிஞ்சும் துணி நாப்பிக்கு. மற்றதெல்லாம் எண்ணிக்கையைக் குறைக்கும் வேலையும் ஒழுங்காகக் கழிக்கும் வேலையும்தான்.

முதல் வேலை: ஒரு வாரம் எண்ணுங்கள்

குளியலறைக் கதவில் ஒரு தாளை ஒட்டி, மாற்றும்போதெல்லாம் ஒரு கோடு போடுங்கள். பகலா இரவா, ஈரமா மலமா, அல்லது "எதற்கும் இருக்கட்டும்" என்று காய்ந்ததையே மாற்றினோமா என்று பக்கத்தில் ஓர் எழுத்து. எங்கள் வீட்டில் முதல் வாரம் 48 கோடு. அதில் 9 காய்ந்தவை. வெளியே கிளம்பும் முன் மாற்றியது, மாமியார் வரும்போது மாற்றியது!

நாளைக்கு 5 என்று குறைவாகவே வைத்தாலும் வருடத்துக்கு 1,825 டயப்பர், இரண்டரை வருடத்தில் நாலாயிரத்து ஐந்நூறைத் தாண்டும். ஒன்று 10 ரூபாய் என்றால் செலவு நாற்பத்தைந்தாயிரம். எடையும் போட்டுப் பார்த்தேன். விடியற்காலையில் கழற்றிய ஒன்று சமையலறைத் தராசில் 310 கிராம் காட்டியது. (அந்தத் தராசு அதன்பிறகு சமையலறைக்குத் திரும்பவில்லை.)

இரண்டாவது: புதிய டயப்பர் ஒன்றைக் கத்தரித்துப் பாருங்கள்

தோலில் படும் மெல்லிய மேல்துணி பாலிபுரொப்பிலீன். பார்க்கப் பஞ்சுபோல் இருந்தாலும் பிளாஸ்டிக்தான். வெளிப்பக்கம் பாலிஎத்திலீன் படலம். இரண்டுக்கும் நடுவே மரக்கூழில் செய்த பஞ்சு, அதில் சர்க்கரைபோல் கலந்திருக்கும் வெள்ளைப் பொடி. சோடியம் பாலிஅக்ரிலேட் என்று பெயர். மெஷினில் கஞ்சியானது இதுதான். சுத்தமான தண்ணீர் என்றால் தன் எடையைப்போல் நூற்றுக்கணக்கான மடங்கு உறிஞ்சும். உப்புக் கலந்தால் அந்தத் திறன் சரிந்துவிடும், சிறுநீரிலும் உப்பு உண்டு என்பதால் அங்கே கொள்ளளவு குறைவுதான். இவை போக இலாஸ்டிக், பசை, ஈரம் பட்டால் மஞ்சளிலிருந்து நீலமாக மாறும் சாயக்கோடு.

இத்தனையும் ஒன்றோடொன்று ஒட்டப்பட்டிருப்பதுதான் சிக்கல். பழைய பேப்பர் கடைக்காரர் பால் கவரை எடுப்பார், அட்டையை எடுப்பார். இதைப் பிரித்தெடுக்க அவரால் ஆகாது. கிடங்கில் காற்றுப் படாமல் புதைந்த மரக்கூழ் அழுகி மீத்தேனை விடுகிறது, பிளாஸ்டிக் அப்படியே கிடக்கிறது. மக்க 500 வருடம் ஆகும் என்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள். பாம்பர்ஸ் கடைக்கு வந்தது 1961-இல், பாலிஎத்திலீனைக் கண்டுபிடித்ததே 1933-இல். ஐந்நூறு வருடம் யாரும் உட்கார்ந்து பார்த்ததில்லை, அது ஒரு கணிப்பு. எனக்கு அந்த எண் வேண்டாம். நான் பிறந்தபோது யாரோ வீசிய டயப்பரின் பிளாஸ்டிக் இன்னும் எங்கோ இருக்கிறது என்பதே போதும்.

மூன்றாவது: கால் மேல் உட்கார வைப்பது

அம்மா திருநெல்வேலியிலிருந்து வந்த இரண்டாம் நாளே ஆரம்பித்துவிட்டாள். "ஏட்டி, பிள்ளைய எப்பப் பாத்தாலும் கட்டியே வெச்சிருக்கியே, அதுக்குப் புழுங்காதா?"

அவள் செய்தது இதுதான். தரையில் உட்கார்ந்து இரண்டு காலையும் நீட்டுவாள். கணுக்கால் பக்கம் சேர்த்து, பாதங்களுக்கு நடுவே கொஞ்சம் இடைவெளி விட்டு, அதன்மேல் பிள்ளையை உட்கார வைப்பாள். முகம் அவளைப் பார்த்திருக்கும், முதுகையும் கையையும் அவளே தாங்கிக்கொள்வாள். அடியில் பழைய செய்தித்தாள். "உஸ்ஸ்ஸ்" என்று மெல்லச் சத்தம். இரண்டு நிமிடத்தில் வரவில்லை என்றால் எழுப்பிவிடுவாள், கட்டாயம் கிடையாது. தூங்கி எழுந்தவுடன், பால் குடித்துப் பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து, குளிப்பாட்டுமுன் என்று நாளைக்கு நாலைந்து முறை. கழுத்து நின்றபிறகு தொடங்குவது நல்லது. மூன்றே வாரத்தில் காலைக் கடன் காகிதத்துக்குப் போய்விட்டது. மலம் பட்ட டயப்பர் வாரத்துக்கு இரண்டு மூன்றாகக் குறைந்தது. வெளிநாட்டில் இதற்குத் தனிப் பெயர் வைத்து வகுப்பு நடத்துகிறார்கள் என்றேன். "எவ்வளவு வாங்குதாங்க?" என்று கேட்டாள்.

கூடவே இரண்டு சின்ன விதி: வீட்டில் இருக்கும் பகலில் இரண்டு மணி நேரம் எதுவும் கட்டாமல் விடுவது, காய்ந்த டயப்பரை மாற்றாமல் இருப்பது. இந்த மூன்றில் மட்டும் எங்கள் 48 கோடு 26 ஆயிற்று. ஒரு ரூபாய் செலவில்லை.

நான்காவது: பகலுக்குத் துணி

பழைய எட்டு முழ வேட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பருத்தியாக இருக்க வேண்டும், பாலியெஸ்டர் கலந்தது தண்ணீரை இழுக்காது. 60 சென்டிமீட்டர் சதுரமாக வெட்டினால் பன்னிரண்டு கிடைக்கும், ஓரத்தை மட்டும் மடித்துத் தையுங்கள். சதுரத்தை முக்கோணமாக மடித்து, நடுவில் நாலு மடிப்புள்ள நீளமான பட்டை ஒன்றை வைத்து, இரண்டு முனையை இடுப்பைச் சுற்றியும் ஒன்றைக் காலுக்கு நடுவேயும் கொண்டுவந்து முடிச்சுப் போட வேண்டும். ஊக்கு வேண்டாம். இடுப்பில் இரண்டு விரல் நுழைய வேண்டும். பிறந்த குழந்தைக்குப் பெரியவர்கள் உடுத்திய பழந்துணியைப் போடும் நம் வழக்கத்தில் இந்த வசதியும் இருக்கிறது: பலமுறை துவைத்த துணி மிருதுவாக இருக்கும், புதுத்துணியைவிட நன்றாக உறிஞ்சும். புதிய பருத்தியை வாங்கினால் கட்டுமுன் மூன்று நான்கு முறை துவைத்துவிடுங்கள்.

வெளியே போகும்போது கடையில் விற்கும் துணி டயப்பர் தோதானது. வெளியுறை, உள்ளே சொருகும் பட்டைகள். அந்த வெளியுறையிலும் பாலியெஸ்டரோடு ஒட்டிய பிளாஸ்டிக் படலம் உண்டு, பருத்தி என்று ஏமாற வேண்டாம். ஆனால் ஓர் உறை இருநூறு முந்நூறு தடவை உழைக்கும். ஆறு உறை, பதினைந்து பட்டை போதும். இருபத்து நாலு உறைத் தொகுப்பை வாங்கச் சொல்பவர் விற்பவராகத்தான் இருப்பார்.

துவைப்பதில்தான் முழுக்கணக்கும் இருக்கிறது. பிரிட்டன் சுற்றுச்சூழல் முகமை 2008-இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டரை வருடத்துக்குக் கடை டயப்பர் சுமார் 550 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம் என்றும், துணி நாப்பி சராசரியாக 570 கிலோ என்றும் வந்தது. துணிதான் கூடுதல்! காரணம் அதிகச் சூட்டில் துவைப்பதும் மின் உலர்த்தியில் காயவைப்பதும். அதே ஆய்வு, மெஷின் நிறையப் போட்டு, கொடியில் காயவைத்து, இரண்டாவது குழந்தைக்கும் அதையே பயன்படுத்தினால் சுமார் 200 கிலோ குறையும் என்றது. மொட்டை மாடியும் சித்திரை வெயிலும் நமக்குச் சும்மா கிடைப்பவை. நம் ஊர்க் கணக்கில் இடிப்பது மின்சாரமல்ல, தண்ணீர். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு தண்ணீர் லாரிக்கு வரிசையில் நின்றபோது யாராவது துணி நாப்பி பற்றிப் பேசியிருந்தால் நான் குடத்தை எறிந்திருப்பேன்.

ஆகவே தண்ணீரைச் சிக்கனமாக்கும் முறை இது. மலத்தைக் கழிப்பறையில் தட்டிவிட்டுக் கைக்குழாயால் பீய்ச்சி அலசுங்கள். முதல் அலசலுக்கு வெந்நீர் கூடாது, கறை துணியில் பிடித்துவிடும். அலசியதைப் பிழிந்து மூடியுள்ள காலி வாளியில் போட்டுவையுங்கள். தண்ணீரில் ஊறவைக்கத் தேவையில்லை, தவழும் பிள்ளை உள்ள வீட்டில் தண்ணீர் நிறைந்த வாளி ஆபத்தும்கூட. ஒருநாள் விட்டு ஒருநாள் சேர்த்துத் துவையுங்கள். சோப்புத்தூள் பாதியளவு போதும். துணியை மெதுவாக்கும் திரவம் வேண்டவே வேண்டாம், அது நூலின் மேல் பூச்சாகப் படிந்து உறிஞ்சும் தன்மையைக் கெடுக்கும். டயப்பர் கிரீமும் அதையேதான் செய்யும், தடவினால் மேலே ஒரு மெல்லிய துணியைப் போட்டுவிடுங்கள். கடைசி அலசல் தண்ணீரை வாளியில் பிடித்து வைத்தால் கழிப்பறைக்கு ஆகும். மஞ்சள் கறை போகவில்லையா, ஈரத்தோடு வெயிலில் போடுங்கள். உள்பட்டைகளை மாதம் ஒருமுறை கொதிநீரில் முக்கலாம், வெளியுறையைக் கூடாது, இலாஸ்டிக் போய்விடும்.

ஐப்பசி கார்த்திகை மழையில் இதெல்லாம் நடக்காது. நான்கு நாள் விடாமல் கொட்டினால் கடை டயப்பருக்குத் திரும்பிவிடுங்கள், குற்ற உணர்ச்சி வேண்டாம். இரவுக்கும் நான் கடை டயப்பரைத்தான் வைத்திருந்தேன். தூக்கமும் ஒரு வளம்தான்.

ஐந்தாவது: கழிக்கும் முறை

கழிப்பறையில் போட்டு ஃபிளஷ் செய்யாதீர்கள். அது குழாயில் போய் ஊதி அடைத்துக்கொள்ளும், கடைசியில் அதைக் கையால் இழுத்து எடுப்பவர் ஒரு மனிதர். எரிக்கவும் வேண்டாம். ஈரமான கூழ் சரியாக எரியாது, பிளாஸ்டிக் அரைகுறையாகப் புகையும். மக்கும் குப்பையில் போட்டால் அந்த உரக்குழி முழுதும் கெடும்.

மலத்தைக் கழிப்பறையில் தட்டிவிடுங்கள், அது குப்பைத்தொட்டிக்குப் போகக் கூடாது. முன்பக்கத்திலிருந்து இறுக்கிச் சுருட்டி அதன் ஒட்டுப்பட்டையாலேயே ஒட்டுங்கள். செய்தித்தாளில் பொட்டலம் கட்டி, மேலே சிவப்பு மையில் பெரிய பொட்டு ஒன்று வையுங்கள். இது புணேயில் குப்பை சேகரிக்கும் பெண்களின் கூட்டுறவான ஸ்வச் அமைப்பு பரப்பிய முறை. பொட்டைப் பார்த்தால் உள்ளே இருப்பது என்ன என்று தெரியும், பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை. எங்கள் தெருவுக்கு வரும் தூய்மைப் பணியாளர் அக்காவிடம் முதல் நாள் காட்டியபோது, "இப்பத்தாம்மா ஒருத்தர் இப்படிக் கொடுக்கறாங்க" என்றார்.

டயப்பரைக் கழிக்க உறை கொடுக்கும் பொறுப்பை 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளே தயாரிப்பாளருக்குத் தந்திருந்தன. நான் வாங்கிய ஒரு பாக்கெட்டிலும் உறை வந்ததில்லை. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்று அறிவிக்கப்பட்ட புதிய விதிகள் ஈரக்குப்பை, உலர்குப்பையோடு சுகாதாரக் கழிவையும் தனிப்பிரிவாக்கியிருக்கின்றன. வீட்டில் அதற்கென மூடியுள்ள சின்னத் தொட்டி ஒன்றை இப்போதே வைத்துவிடுங்கள். கிராமத்தில் தூய்மைக் காவலர்கள் வராத தெரு என்றால் துணிதான் ஒரே நல்ல வழி. கிணற்றங்கரையிலும் கண்மாயிலும் புதைப்பது கழிப்பதாகாது.

படுக்கையில் இருக்கும் பெரியவர்களின் டயப்பருக்கும் இதே முறைதான். எடை மட்டும் இரண்டு மூன்று மடங்கு.

பயன்படுத்திய டயப்பரை மறுசுழற்சியே செய்ய முடியாதா?

முடியும், ஆலையில். ஜப்பானின் ககோஷிமா மாநிலத்தில் ஷிபுஷி, ஓசாகி ஊர்களில் தனியாகச் சேகரித்து, ஓசோனால் கிருமி நீக்கி, கூழைப் பிரித்து மறுபடி டயப்பருக்கே பயன்படுத்துகிறார்கள். வேல்ஸில் 2022-இல் ஒரு நெடுஞ்சாலையின் 2.4 கிலோமீட்டர் நீளத்துக்குத் தார்க்கலவையில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நாப்பிகளின் நாரைச் சேர்த்தார்கள். மெக்சிகோ ஆய்வாளர்கள் டயப்பர் கூழில் சிப்பிக்காளான் வளர்த்துக் காட்டினார்கள்.

என்னை நிறுத்திப் படிக்க வைத்தது இந்தோனேசியா. அங்கே ஜாவாவில், டயப்பரை எரித்தால் பிள்ளையின் அடிப்பாகத்தில் எரிச்சல் கண்டுவிடும் என்ற நம்பிக்கை. அதனால் பாலத்திலிருந்து பிரந்தாஸ் ஆற்றில் வீசிவிடுகிறார்கள். அதே நாட்டில், கழுவி உலர்த்தி நறுக்கிய டயப்பரை மணலுக்குப் பதிலாக ஓரளவு கலந்து 36 சதுர மீட்டரில் ஒரு வீட்டைக் கட்டினார்கள். 2023-இல் ஆய்வு வெளியானது. ஒரே தளம் உள்ள வீட்டின் தூண், உத்தரங்களில் 27 சதவீத மணல் வரை மாற்றலாம், சுமை தாங்காத தடுப்புச் சுவரில் 40 வரை போகலாம் என்பது முடிவு. நம் ஊர் மணல் விலையை நினைத்துக்கொண்டேன். ஆனால் தனியாகச் சேகரித்துக் கிருமி நீக்கும் ஏற்பாடு இல்லாமல் இதில் எதுவும் தொடங்காது, வீட்டு மொட்டை மாடியில் செய்து பார்க்கும் காரியமும் அல்ல.

ஆறாவது: பிரிக்காமல் மிஞ்சியவை

பிள்ளை திடீரென்று வளரும். எங்களிடம் சின்ன அளவில் 31 மிஞ்சின. முதலில் யாருக்காவது கொடுங்கள், பக்கத்துத் தெருவில் ஒரு பச்சைக் குழந்தை கட்டாயம் இருக்கும். அப்படியும் மிஞ்சியவற்றுக்கு நான் செய்து பார்த்தவை இவை.

மலைப்பாதையில் வாந்தி. கொடைக்கானல் கொண்டை ஊசி வளைவுகளில் இதைவிட உபகாரமான பொருள் கிடையாது. பிளாஸ்டிக் கவருக்குள் ஒரு டயப்பரை விரித்து வைத்தால் அத்தனையும் உறைந்துவிடும், சிந்தாது. கார் டேஷ்போர்டில் எப்போதும் இரண்டு வைத்திருக்கிறேன்.

மழையில் நனைந்த ஷூவுக்குள் ஆளுக்கொன்றைத் திணித்து இரவு முழுதும் விட்டால் காலையில் ஈரம் பெரும்பாலும் போயிருக்கும். ஒழுகும் சிங்க் குழாய்க்கு அடியில், ஏசி சொட்டும் இடத்தில், சாரல் அடிக்கும் ஜன்னல் விளிம்பில் பிளம்பர் வரும்வரை தாங்கும். ஊருக்கு ஊறுகாய் ஜாடி அனுப்பும்போது சுற்றிக் கட்டினால் அடிபடாமல் காக்கும், கசிந்தாலும் பிடித்துக்கொள்ளும். ஈரமாக்கி ஜிப் கவரில் போட்டு ஃப்ரீசரில் வைத்தால் வீக்கத்துக்கு ஒத்தடம். ஒரு துணி சுற்றித்தான் வைக்க வேண்டும்.

பூந்தொட்டிதான் எல்லாரும் கேட்பது. உள்ளே இருக்கும் பஞ்சையும் பொடியையும் ஒரு பேசினில் உதிர்த்துத் தண்ணீர் ஊற்றுங்கள். இங்கே ஒரு கூத்து. கேன் தண்ணீர் ஊற்றிய பாதி, பேசின் வழியப் பொங்கியது. எங்கள் போர் தண்ணீர் ஊற்றிய பாதி, சோர்ந்துபோய்ப் பாதியில் நின்றது. உப்புத்தண்ணீர் என்று எல்லாரும் திட்டும் போருக்கு அன்றைக்குத்தான் கண்முன் சாட்சி கிடைத்தது. மகளும் அவள் அண்ணனும் இதை மூன்று டம்ளர் வைத்து மறுபடி மறுபடி செய்தார்கள்.

ஊறிய கூழை ஒரு பங்கு, மண் எட்டுப் பங்கு என்று கலந்து தொட்டியின் நடுமட்டத்தில் போடுங்கள். கூடினால் மழை பெய்ததும் ஊதிச் செடியையே மேலே தூக்கிவிடும், என் செம்பருத்திக்கு நடந்தது. கோடையில் இரண்டு நாள் ஊருக்குப் போனாலும் செடி வாடவில்லை. ஆனால் இதில் சோடியம் உண்டு. ஒரு தொட்டிக்கு ஒருமுறைதான், பூச்செடிக்குத்தான். கீரைக்கும் தக்காளிக்கும் போடாதீர்கள். விவசாயத்துக்கென்றே டெல்லி வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய பூசா ஹைட்ரோஜெல் இருக்கிறது, காய்கறிக்காரர்கள் அதைத் தேடலாம். பொடியைக் கையாளும்போது முகத்துக்கு நேராக உதிர்க்காதீர்கள், பிள்ளையோ நாயோ வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிறுநீர் பட்ட டயப்பரைத் தொட்டிக்குப் போடலாமா என்று கேட்பார்கள். என் பதில், வேண்டாம்.

துணிக்கு அடுத்த பிறவி

மகள் இரண்டே கால் வயதில் தானாகப் போகப் பழகிவிட்டாள். நல்ல நிலையில் இருந்த உறைகளைக் கொதிநீர் காட்டாமல், சோப்புப் போட்டு இரண்டு முறை வெயிலில் உலர்த்தி நாத்தனாருக்குக் கொடுத்தேன். உள்பட்டைகள் மாப் கட்டையில் அளவெடுத்ததுபோல் பொருந்துகின்றன. வேட்டித்துணியைச் சமையலறைக்கு மட்டும் கொண்டுவரவில்லை. சைக்கிள் துடைக்க, ஃபேன் துடைக்க, மழையில் நனைந்து வரும் பூனைக்கு விரிக்க.

கடைசியாக நைந்தவற்றை இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து முறுக்கித் திரியாக்கினேன். ஒரு முனை தண்ணீர் வாளியில், மறுமுனை தொட்டி மண்ணில் மூன்று அங்குலம் புதைந்து. வாளி தொட்டியைவிடக் கொஞ்சம் உயரத்தில் இருக்க வேண்டும். இந்தப் பொங்கலுக்குத் திருநெல்வேலி போய் ஐந்து நாள் கழித்து வந்தபோது வாளியில் கால்வாசித் தண்ணீர் மிச்சம் இருந்தது, மல்லியில் மொட்டு விட்டிருந்தது. அம்மாவுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். "அது உங்க அப்பா வேட்டியில்லா?" என்று பதில் வந்தது.